காத்திருக்கும் பாறை

"செயின்ட் லூசியாவுக்கு வந்துட்டு இதைப் பாக்காமப் போகக் கூடாது!" ஒரு கறுப்புப் பாறையருகே படகை மெதுவாக்கினார் படகோட்டி செலஸ்டின். சுற்றுலாப் பயணிகள் ரம் கோப்பைகளோடு திரும்பினார்கள்.

"இந்தக் கரையில ஒரு மீனவன் இருந்தான். அவன் காதலி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினா. 'அடுத்த கிறிஸ்துமஸுக்கு வந்துடுறேன்'னு சொன்னவ வரவே இல்ல. இவன் காத்துக் காத்துக் கல்லாவே போயிட்டான்!"

"ஐயோ பாவம்! ஏன் வரலையாம்?"

"லண்டன் போனவளுக்கு மீன் நாத்தம் பிடிக்குமா சார்?"

படகே சிரித்தது. ஓலைத்தொப்பி போட்ட பெண்மணி மட்டும் சிரிக்கவில்லை.

கரையில் எல்லோரும் இறங்கிய பிறகு, அந்தப் பெண்மணி கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிலோமினா!" செலஸ்டினின் கையிலிருந்து கயிறு நழுவியது.

"நான் வந்தேன், செலஸ்டின். சொன்ன மாதிரியே அந்தக் கிறிஸ்துமஸுக்கே வந்தேன். கோயில்ல உனக்குக் கல்யாணம் நடந்துட்டிருந்துச்சு. வாசலோட திரும்பிட்டேன்."

பிலோமினா கண்ணாடியை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

மாலைப் படகில் புதுக் கூட்டம். பாறை வந்தது. படகின் வேகம் குறையவில்லை.

"கேப்டன், அது என்ன பாறை?"

"அது வெறும் கல்லுங்க."