தம்பி திரும்பிய நாள்

அந்த விமானத் தளத்தில் அண்ணன் மெக்கானிக், தம்பி போர் விமானி. நான்கு எதிரி விமானங்கள் சூழ்ந்த அன்று, கூடப் பறந்த கமாண்டர் புறமுதுகிட்டார். தம்பி தனியாக நின்று மூன்றைச் சுட்டு வீழ்த்திவிட்டுக் கடலில் விழுந்து இறந்தான். "பயந்து ஓடினவன் அவன்தான்" என்று சொல்லிக் கமாண்டர் பதக்கம் வாங்கிக்கொண்டார். அவருடைய விமானத் துப்பாக்கியில் ஒரு தோட்டாகூடக் குறையவில்லை என்று அண்ணன் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுவாரம் கமாண்டர் தனியாகப் பறந்தார். கட்டுப்பாட்டு அறை ரேடியோவில் அவர் குரல் கேட்டது.

"அவன் பக்கத்துல வர்றான். திரும்ப விடாம கடல் பக்கமா தள்றான்."

அங்கே நின்றிருந்த அண்ணன் மைக்கை வாங்கினான். "தம்பி, விட்டுடாதடா."

"சரிண்ணே."

ரேடாரில் இரண்டு புள்ளிகள் கடலுக்கு மேலே போயின. ஒன்று மட்டும் தளத்தை நோக்கித் திரும்பியது. சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கும் கட்டைகளை எடுத்துக்கொண்டு அண்ணன் ஓடுதளத்துக்கு நடந்தான்.