கொக்கி மேஸ்திரி

"அன்னைக்குக் காலையில அவன் சேஃப்டி பெல்ட்டைக் காணோம் சார். தேடிக்கிட்டு நிக்க நேரமில்லை. பெல்ட் இல்லாமலே ஏறச் சொன்னேன்."

மேஸ்திரி சொல்லி முடிக்கவில்லை. வெல்டர் மேஜையைச் சுற்றி வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டான்.

"அடப்பாவி! என் தங்கச்சி வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு, சாவகாசமா கதையா சொல்றே?"

பளாரென்று ஒன்று விழுந்தது. நாலு பேர் சேர்ந்துதான் அவனைப் பிரித்து எடுக்க முடிந்தது. மேஸ்திரி கன்னத்தைக்கூடத் தடவிக்கொள்ளாமல் குனிந்தபடி நின்றார். இன்சூரன்ஸ் ஆபீசர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

தங்கை வீட்டுக்காரனை இந்த நாட்டுக்கு வேலைக்கு அழைத்து வந்தவனே வெல்டர்தான். சாரத்தில் சத்தமில்லாமல் நடக்கிற மாப்பிள்ளைக்குப் 'பூனை' என்று பெயர் வைத்து, அவன் பெல்ட்டில் வெள்ளைப் பெயிண்டால் அதை எழுதி வைத்ததும் அவன்தான். போன வாரம் வெல்டருக்கு வேறு கட்டடத்தில் வேலை. பூனை மட்டும் தனியாக எட்டாவது மாடிச் சாரத்தில் நின்றான். விழுந்தான். தரைக்கு வந்தபோதே உயிர் இல்லை.

மேஸ்திரிக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கொக்கி. பொழுது விடிந்தால் போதும், "கொக்கியை மாட்டுடா, கொக்கியை மாட்டுடா" என்று கீழே நின்று தொண்டை கிழியக் கத்துவார். பெல்ட்டின் கொக்கியைக் குழாயில் மாட்டி, கழற்றி, மறுபடி மாட்டி நடந்தால் வேலை எங்கே ஓடும்? அவர் தலை மறைந்ததும் எல்லாரும் கொக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டுதான் நடப்பார்கள்.

"நாம என்ன கன்னுக்குட்டியா, கட்டிப்போட?" என்பான் வெல்டர். முதலில் சிரிப்பது பூனைதான்.

அப்படிக் கத்திய மனுஷன் ஒருத்தனை வெறும் இடுப்போடு மேலே ஏற்றியிருக்கிறார். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆபீசர் பேனாவை எடுத்தார். "பெல்ட் போட்டிருந்தும் கொக்கியை மாட்டலைன்னா, அது விழுந்தவர் தப்பு. சல்லிக்காசு வராது. இது கம்பெனி தப்பு. இழப்பீடு முழுசா உங்க தங்கச்சிக்கு வந்துடும்."

"போன உயிர் வருமா சார்?" என்று அழுதான் வெல்டர்.

கம்பெனி மேஸ்திரியின் சீட்டைக் கிழித்தது. இத்தனை வருஷ உழைப்புக்கு வரவேண்டிய பணமும் இல்லை என்றாகிவிட்டது. அவர் கிளம்பிய காலையில் பெட்டியைத் தூக்கிவிடக்கூட ஒருவரும் வரவில்லை. வெல்டர் மட்டும் கேட்டுக்குப் போனான். தங்கை போனில் கதறியிருந்தாள்.

"அவன் போறதுக்குள்ள மூஞ்சில காறித் துப்புண்ணா. எனக்காகத் துப்பு!"

கேட்டில் காவலாளி வழக்கம்போலப் பெட்டியைக் கவிழ்த்தான். சட்டைகள், சவர சாமான், சுருட்டிய போர்வை. போர்வையை உதறினான். உள்ளேயிருந்து ஒரு பெல்ட் விழுந்தது. வார் முழுக்கத் துருக்கறை போலக் காய்ந்த ரத்தம். ஓரத்தில் வெள்ளைப் பெயிண்டில் 'பூனை'.

கொக்கி புதுசு போலவே இருந்தது. வளையவில்லை, ஒரு கீறல்கூட இல்லை.

நாம என்ன கன்னுக்குட்டியா... தன் குரலே வெல்டரின் காதில் கேட்டது. வாயில் கூட்டி வைத்திருந்த எச்சிலை விழுங்கினான்.

"கம்பெனி சாமானாச்சே! யாருது இது? என்ன எழுதியிருக்கு?" காவலாளிக்கு நம் எழுத்து தெரியாது.

மேஸ்திரிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"என்னோடது," என்றான் வெல்டர். "என் பேருதான் எழுதியிருக்கு. ரெண்டு நாளா தேடறேன்."

"போற போக்குல இதையுமா திருடுவே?" காவலாளி மேஸ்திரியைப் பார்த்துக் கேட்டுவிட்டு, பெல்ட்டை வெல்டரிடம் வீசினான். மேஸ்திரி அதற்கும் தலையைக் குனிந்துகொண்டார்.

துணிகளை அள்ளிக் கொடுக்கிற சாக்கில் வெல்டர் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே... எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே!"

"நான்தான் முதல்ல ஓடினேன். மூச்சு இல்லை. யாரும் வர்றதுக்குள்ள அவுத்துட்டேன். சைட்டுக்குள்ள எங்க போட்டாலும் கிடைச்சிடும்னு பயம்." மேஸ்திரி பெட்டியை மூடினார். "உங்கிட்ட சொல்லியிருந்தா நீ அடிச்சிருக்க மாட்டே. நீ அடிச்சப்புறம்தானேப்பா அந்த ஆபீசர் நம்பினார்."

பஸ் கிளம்பியது. வெல்டர் பெல்ட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பஸ் மறைகிற வரை பார்த்துக்கொண்டு நின்றான்.

போன் அடித்தது.

"துப்பினியாண்ணா?"

"துப்பிட்டேன்மா."