முக்கால்வாசி மண்

"ஏண்டி, உனக்குப் புத்தி கித்தி பிசகிப்போச்சா? உரத்துல போய் இவ்வளவு மண்ணைக் கலக்குறே?"

கொட்டகைக்குள் எட்டிப் பார்த்த பெரியவள் போட்ட சத்தத்தில், சின்னவள் சல்லடையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்தாள்.

அந்த வீட்டின் மூத்த மருமகள் பெரியவள், இளைய மருமகள் சின்னவள். இரண்டு பேருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. கூப்பிடும் பெயர் மட்டும் மாறவில்லை.

"மெதுவா பேசுக்கா! அவர் காதுல விழுந்து தொலைக்கப்போகுது. எப்பவும் கலக்குறதுதானே?"

"எப்பவும் ரெண்டு மூட்டை யூரியாவுக்கு ரெண்டு கூடை மண்ணு. இப்ப என்னடான்னா, மண்ணுக்குள்ள யூரியாவைத் தேட வேண்டியிருக்கு!"

ஈர மண்ணும் புண்ணாக்குத் தூளும் சேர்த்துப் பிசறி, ஒரு நாள் மூடிவைத்து, மறுநாள் நெல் வயலில் வீசினால், உரம் தண்ணீரோடு ஓடாமல் பயிருக்கு நின்று நிதானமாகச் சேரும். பிசறுவது சின்னவள் வேலை. வீசுவது அவள் கணவர் வேலை. அதை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

இந்த முறை கடையில் கிடைத்தது அரை மூட்டை. அதற்கே போன வருஷத்தைப் போல இரண்டு மடங்கு விலை.

"உரக் கப்பல் வரலை அண்ணி. ஆளுக்கு இவ்வளவுதான்" என்று உரக்கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

"உள்ளதைச் சொல்லிட வேண்டியதுதானே?" என்றாள் பெரியவள்.

"சொன்னா அடுத்த நிமிஷம் சட்டையை மாட்டிக்கிட்டு வரிசையில நிக்கக் கிளம்பிடுவார்க்கா. போன வருஷம் மூணு நாள் வெயில்ல நின்னு, கடை வாசல்லயே நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுச் சாய்ஞ்சாரே, மறந்துட்டியா? இன்னொரு தடவை வந்தா தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பயிர் போனா அடுத்த வருஷம் போட்டுக்கலாம். அவருக்கு ஏதாவது ஆச்சுன்னா..."

சின்னவள் கீழே கிடந்த சல்லடையை எடுத்துக்கொண்டாள்.

"அதுக்காகக் கட்டின புருஷனையே ஏமாத்துவியா? என் கொழுந்தன் வெள்ளந்தி. நீ எதை நீட்டினாலும் நம்பிடுவார். பாவம்டி!"

"அந்தப் பாவம் என் தலையிலேயே விடியட்டும்க்கா."

போன வருஷத்து வெற்றுச் சாக்கு இரண்டைத் தேடியெடுத்து உதறி, அப்போதுதான் பிரித்தது மாதிரி குவியலுக்குப் பக்கத்தில் போட்டுவைத்தாள். பொய் என்று வந்துவிட்டபிறகு அதை அரைகுறையாகச் சொல்வானேன்?

மறுநாள் காலையில் கணவர் வந்து குவியலைப் பார்த்தார். சாக்கைப் பார்த்தார்.

"பரவாயில்லையே! ரெண்டு மூட்டையும் கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சுங்க."

"கெட்டிக்காரிதான் நீ."

அவர் ஏதாவது திட்டியிருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவள் கூடையை நிரப்பி நிரப்பிக் கொடுக்க, அவர் சேற்றில் இறங்கி வீசினார். ஒரு மூலை விடவில்லை.

"இந்த ஓரத்துக்கு ரெண்டு கை கூடவே போடுறேன். போன தடவை இங்கதான் பயிர் வெளுத்துப்போச்சு" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார்.

மண்ணை இவ்வளவு கரிசனமாக வீசும் மனுஷனைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை முட்டியது. அதை அடக்கிக்கொண்டு வரப்பிலேயே நின்றாள்.

பத்து நாள் போயிற்று. பயிர் பச்சை பிடிக்கவில்லை. நுனியெல்லாம் மஞ்சள் தட்டிக்கொண்டு வந்தது. அவரோ தினமும் சாயங்காலம் வயலைப் பார்த்துவிட்டு வந்து, "ஜோரா பச்சை கட்டுது! எல்லாம் உன் கைராசி" என்பார்.

"ஆமாங்க" என்பாள். அன்றைக்குச் சோறு இறங்காது.

"நெஞ்சோட சேர்த்துக் கண்ணையும் ஒருதடவை டாக்டர்கிட்ட காட்டிடு" என்று பெரியவள் காதைக் கடித்தாள்.

பன்னிரண்டாம் நாள் உரக்கடைக்காரரிடமிருந்து போன் வந்தது.

"அண்ணி, லோடு இறங்கிடுச்சு. சட்டுனு வாங்க."

தையற்கடைக்குப் போவதாக வீட்டில் இன்னொரு பொய்யைச் சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாகப் போனாள். கடை வாசலில் வரிசை தெருமுனைவரை நீண்டிருந்தது. வாலில் போய் நின்றவளைக் கடைக்காரர் கை காட்டி முன்னால் கூப்பிட்டார்.

"நீங்க ஏன் அங்க போய் நிக்கிறீங்க? கேட்டவங்க பேரை வரிசையா எழுதி வச்சிருக்கேன். உங்க பேர்தான் முதல்ல இருக்கு. இந்தாங்க, ரெண்டு மூட்டை."

"நான் பேரே கொடுக்கலையே, தம்பி?"

"அண்ணன் கொடுத்தார். நீங்க உரம் வீசின அன்னைக்கு மத்தியானமே போன் பண்ணிட்டாரே!"

மூட்டையைத் தொடப்போன சின்னவள் கையை எடுத்துக்கொண்டாள்.

"அவரா? என்ன சொன்னார்?"

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னார். எனக்குத்தான் ஓட்டைவாய் ஆச்சே... 'முதல் கை அள்ளினதுமே முக்கால்வாசி மண்ணுன்னு தெரிஞ்சுபோச்சுடா. ஆனா அவ வரப்புல நின்னு என் முகத்தையே பயந்து பயந்து பார்த்துக்கிட்டிருந்தா. அதான் கடைசிக் கூடைவரைக்கும் வீசிட்டு வந்தேன். சரக்கு வந்தா எனக்குச் சொல்லாதே, அவளுக்கே சொல்லு'ன்னார் அண்ணி."