போயிட்டு வாங்க

“இன்னும் அஞ்சு வருஷத்துல நீங்க எங்க இருப்பீங்க?”

டிராக்டர் ஷோரூம் மேனேஜர் இனிகோவுக்குக் காலையிலிருந்து இதையே கேட்டுக் கேட்டுத் தொண்டை வறண்டுவிட்டது. விற்பனைப் பிரிவுக்கு ஒரே ஒரு ஆள் வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் ஒரே பயிற்சி வகுப்பில் படித்துவிட்டு வந்தவர்கள் போலிருக்கிறது. கிளிப்பிள்ளை மாதிரி, “உங்க சீட்டுல சார்” என்றார்கள். ‘கூட்டத்துல தனியாத் தெரியணும்’ என்று யாரோ மொத்தக் கூட்டத்துக்கும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். மதியத்துக்குள் இனிகோவுக்குத் தன் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே பயமாகிவிட்டது.

கடைசியாக வந்தவள் கௌசல்யா. கேள்வியைக் கேட்டதும் கொஞ்சம் யோசித்தாள்.

“சாணார்பட்டியிலதான் சார் இருப்பேன். வேற எங்க போறது?”

பக்கத்து மேஜையில் கேஷியர் ரூபி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இனிகோவுக்கும் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“உன் லட்சியம் என்னன்னு கேட்டேம்மா.”

“இந்த மாசமும் வேலை கெடைக்கலைன்னா வீட்டுல திருப்பூர் பனியன் கம்பெனிக்கு அனுப்பிருவாங்க சார். அங்க ஹாஸ்டல்ல கெடக்கணும். எனக்குப் பொழுது சாய பஸ் ஏறி வீட்டுக்குப் போற மாதிரி ஒரு வேலை வேணும். அதுல கெட்டிக்காரின்னு பேரெடுக்கணும். அம்புட்டுத்தான் சார்.”

பாவம், வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற பெண். டிராக்டர் விற்க வருகிறவளுக்கு நாலு வார்த்தை கூட்டிப் பேசத் தெரிய வேண்டாமா? இவள் சரிப்படமாட்டாள் என்று இனிகோ முடிவு கட்டினார்.

முடிவு கட்டுவது சுலபம். அதை மூஞ்சிக்கு நேரே சொல்வதற்குத்தான் அவருக்கு நாக்கு எழாது. பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார்.

“சரிம்மா. போயிட்டு வாங்க.”

“சரிங்க சார், வாரேன்.”

மறுநாள் காலை ஷோரூம் திறக்கும்போது கௌசல்யா வாசலில் நின்றாள். கையில் டிபன் பாக்ஸ்.

“என்னம்மா?”

“நேத்து போயிட்டு வாங்கன்னீங்களே சார். வந்துட்டேன்.”

இனிகோவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பக்கத்தில் துக்க வீட்டில் மட்டும்தான் சொல்லாமல் கிளம்புவோம். மற்ற இடத்தில் போகிறவர் ‘வாரேன்’ என்பார், அனுப்புகிறவர் ‘போயிட்டு வாங்க’ என்பார். அதற்காக ஒருத்தி சோற்றைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பதா?

ரூபி கிட்டே வந்து கிசுகிசுத்தாள். “நீங்க சொல்றீங்களா சார், நான் சொல்லட்டுமா?”

“நானே சொல்றேன். புள்ள சோத்தோட வந்திருக்கு. சாப்பிடட்டும், அப்புறம் சொல்லுவோம்.” கௌசல்யா பக்கம் திரும்பி, “செத்த நேரம் உக்காரும்மா” என்றார்.

கொஞ்ச நேரத்தில் விவசாயி சோலைமுத்து வந்தார். மாசக்கணக்காக வந்து போகிறவர். டவுனுக்கு வரும்போதெல்லாம் உள்ளே நுழைந்து, நீல டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி, டயரைத் தட்டிப் பார்த்து, “போயிட்டு வாரேன்” என்று கிளம்பிவிடுவார். இது வாங்குகிற முகமில்லை என்று கடையில் அவரை யாரும் சட்டை செய்வதில்லை. அன்றைக்கும் டயரைத் தட்டினார், “போயிட்டு வாரேன்” என்று கிளம்பினார்.

கௌசல்யா எழுந்து அவர் பின்னாலேயே போனாள்.

“ஐயா, போயிட்டு வாரேன்னீங்களே, வாங்க வரும்போது யாரைக் கூட்டிக்கிட்டு வரணும்?”

சோலைமுத்து நின்றார். இப்படி ஒரு கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

“எங்க வீட்டுக்காரிய. அவளுக்கு டிராக்டர்னா பயம் தாயி. கவுந்துரும், வேணாம்ங்கிறா.”

“அப்ப அவங்களை இன்னைக்கே கூட்டிட்டு வாங்க. நான் பக்கத்துல நின்னு ஏத்தி உக்கார வைக்கிறேன்.”

சாயங்காலம் அவரோடு மனைவி கண்ணம்மாள் வந்தார். கௌசல்யா கையைப் பிடித்து ஏற்றிவிட்டாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பயந்து பயந்து உட்கார்ந்தவர், செத்த நேரத்தில் ஹாரனை அழுத்திப் பார்த்தார். இன்னொரு தடவையும் அழுத்தினார். சோலைமுத்து “எறங்குடி” என்று சொல்லியும் இறங்கவில்லை. அட்வான்ஸ் கட்டிவிட்டுத்தான் இருவரும் ஊருக்குப் போனார்கள்.

இனிகோவுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. ஒன்றும் தெரியாத பெண்ணைத் துரத்தாமல் உட்கார வைத்த தன் நல்ல மனசை நினைத்து அவருக்கே பெருமையாக இருந்தது. கௌசல்யாவைக் கூப்பிட்டார்.

“வேலை உனக்குத்தாம்மா. ஆனா ஒண்ணு, இம்புட்டு வெள்ளந்தியா இருக்கக் கூடாது. இன்டர்வியூல ‘போயிட்டு வாங்க’ன்னா, வேலை இல்லைன்னு அர்த்தம். தெரிஞ்சு வச்சுக்க.”

“அது தெரியும் சார்.”

“தெரியுமா? தெரிஞ்சேவா வந்த?”

“ஏகப்பட்ட எடத்துல கேட்டுட்டேன் சார். எல்லாரும் நிமிந்துகூடப் பாக்காமத்தான் சொன்னாங்க. நீங்க ஒருத்தர்தான் சொல்லமாட்டாமச் சொன்னீங்க. இருந்தா இப்படி ஒரு மேனேஜர்கிட்டதான் வேலைக்கு இருக்கணும்னு தோணிருச்சு.”

ரூபி எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கௌசல்யா சாதாரணமாகச் சொன்னாள்:

“நேத்து நீங்க என்னைச் செலக்ட் பண்ணல சார். நான்தான் உங்களைச் செலக்ட் பண்ணிட்டுப் போனேன்.”