ஓசி டிக்கெட்

பொழுதுபோக்குப் பூங்காவின் பேய் வீட்டில், இருட்டிலிருந்து பாய்ந்த பேயை அவள் குடையால் ஓங்கி அடித்தாள். மூக்கு உடைந்து, பூசியிருந்த சாயத்தோடு நிஜ ரத்தமும் வழிந்தது.

வாயைத் திறந்தால் வேலை போய்விடும். பேய் பல்லைக் கடித்துக்கொண்டது.

“போதும்மா, பேய் பாவம்!” என்று மகள் அலறியும், முதுகில் ஏழெட்டு அடி விழுந்தது. கடைசியாக முழங்காலில் ஓர் உதை.

மாலையில், வீங்கிய மூக்கோடு நொண்டிக்கொண்டு வந்த கணவனிடம் அவள் பஞ்சை நீட்டினாள்.

“ஊழியர் குடும்பத்துக்கு டிக்கெட் ஓசி, வரிசையில நிக்கவும் வேண்டாம்ங்கிறதுக்காக, எங்ககிட்ட சொல்லாமலே பேயா சேர்ந்துட்டீங்களா? முதல் அடி பயத்துல அடிச்சேன். அப்புறம்தான் உங்க பிஞ்ச செருப்பைப் பார்த்தேன்.”

“பார்த்த பிறகுமா அத்தனை அடி?”

“அதெல்லாம், தேனிலவுக்கு என்னை உங்க ஆபீஸ் டூர் பஸ்ல கூட்டிட்டுப் போனதுக்கு!”