பெட்டியில் இருந்த நம்பர்

பெட்டி லாஃப்ட்டில்தான் இருந்தது.

கிருஷ்ணவேணி ஸ்டூல்மேல் ஏறி, ஒரு கையால் போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, மறுகையால் துழாவினாள். மிக்ஸிப் பெட்டி. ஃபேன் பெட்டி. யாருக்கோ மொய்க்கு வாங்கிக் கொடுக்காமலே விட்ட டின்னர் செட். அவள் எதன் பெட்டியையும் தூக்கிப் போட்டதில்லை. அதற்காகத் தம்பியிடம் எத்தனை பேச்சு வாங்கியிருப்பாள்!

"கெடச்சுதாக்கா?"

போனில் ஒரு பெண் போலீஸ். சின்ன வயசுக் குரல். எந்த ஊர் ஸ்டேஷன் என்று எடுத்ததுமே சொன்னாள். கிருஷ்ணவேணி அதைக் காதில் வாங்கவில்லை. ஒரு பை கிடைத்திருக்கிறது. அதில் ஒரு லேப்டாப். ஆன் செய்தால் பாஸ்வேர்டு கேட்கிறது. காணாமல் போன உங்கள் தம்பியுடையதுதானா என்று பார்க்கவேண்டும், வாங்கின பெட்டியில் சீரியல் நம்பர் இருக்கும், சொல்லுங்கள். இவ்வளவுதான் விஷயம்.

பை எங்கே கிடைத்தது என்று அவள் கேட்கவில்லை.

கேட்டால் சொல்லிவிடுவார்களே.

குகன் செவ்வாய்க்கிழமை காலையில் ஆபீஸுக்கு என்று கிளம்பினான். ராத்திரி வரவில்லை. போன் அணைந்து கிடந்தது. மறுநாள் ஆபீஸில் விசாரித்தால், அவர் ஜூலை மாசமே நின்னுட்டாரே, உங்களுக்குத் தெரியாதா என்கிறார்கள். தெரியாது. அதற்குப் பிறகும் தினம் காலையில் டிபன் கட்டிக் கொடுத்து வழியனுப்பியவளுக்குத் தெரியாது. நல்ல அக்கா!

இன்றைக்கு வெள்ளி.

லேப்டாப் பெட்டியைத் தரையில் இறக்கினாள். பக்கவாட்டில் வெள்ளை ஸ்டிக்கர். கறுப்புக் கோடுகள், அவற்றின் கீழே எழுத்துகள். எறும்பு படிப்பதற்கு அச்சடித்திருப்பார்கள் போல. கண்ணாடியைத் தேடிப் போக மனம் வரவில்லை. ஜன்னலடிக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நான் இங்க மெஷினக் கவுத்து வெச்சிருக்கேன். ஒவ்வொண்ணாச் சொல்லுங்கக்கா."

அக்கா, அக்கா என்று அந்தப் பெண் கூப்பிடுவது எரிச்சலாக இருந்தது. மேடம் என்றால் வாய் வலிக்குமா?

"எம். மெட்ராஸுக்கு வர்ற எம்."

"ம்."

"ஆறு."

"ம்."

"கே. கேரளாவுக்கு வர்ற கே."

"ம்."

இங்க வேற இருக்குக்கா என்று ஒரே ஒரு தடவை சொல்லித் தொலையேன்டி. ஒரே ஒரு எழுத்து போதும்.

ஆரம்பம் எல்லா மெஷினுக்கும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஒரே கம்பெனி இல்லையா. எல்லா வண்டிக்கும் முன்னால் டி.என். வருகிற மாதிரி. போகப் போக மாறும். மாறிவிடும்.

"சைபர்."

"ஓவா, சைபராக்கா?"

சட்டென்று உயிர் வந்தது அவளுக்கு.

"சைபர்தான். நல்லாப் பாரும்மா. அங்க ஓ போட்டிருக்கா?"

"இருங்க... இல்லக்கா. இங்கயும் சைபர்தான்."

பாவி.

"டி," என்றாள். "டில்லிக்கு வர்ற டி."

இந்த முறை 'ம்' வரவில்லை.

கிருஷ்ணவேணி காத்திருந்தாள். இன்னும் வரவில்லை. மாரியாத்தா, அது வேறு யாருடையதாகவோ இருக்கட்டும். யார் பெற்ற பிள்ளையுடையதாகவோ. பாவம்தான் இப்படி நினைப்பது. பரவாயில்லை, இருக்கட்டும்.

"அக்கா, இதுக்கு மேல எழுத்துத் தெரியல. ஸ்டிக்கர் மேல மஞ்சளா என்னமோ காஞ்சு ஒட்டியிருக்கு. நடுவுல செவப்பா ஒரு புள்ளி."

பெட்டியிலிருந்து கையை எடுத்தாள்.

போன மாதம் ஆயுத பூஜை. வீட்டில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாள். கிரைண்டர், அரிவாள்மனை, காஸ் அடுப்பு, அவன் பைக். சந்தனமும் குங்குமமுமாக லேப்டாப்பிடம் போனபோது குகன் இரண்டு கைகளாலும் அதைப் பொத்திக்கொண்டான்.

"மேல வேணாம்க்கா. ஆபீஸ்ல எல்லாரும் சிரிப்பாங்க."

பிறகு அவள் முகம் வாடியதைப் பார்த்துவிட்டு, அவனே அதைத் திருப்பிப் பிடித்தான்.

"சரி, அடியில வை. நல்லாப் பெருசாவே வை."

பெரிதாகவே வைத்தாள். அந்த இடத்தில் பொடிப்பொடியாக ஏதோ எழுதியிருந்தது. அதன் மேலேயே வைத்தாள்.

"ஒண்ணும் பிரச்சன இல்லக்கா," என்றாள் போனில் அந்தப் பெண். "ஈரத்துணியால ஒரு தேய் தேச்சா போயிரும். லைன்லயே இருங்க."

"தொடைக்காதம்மா."

"என்னக்கா?"

"அதைத் தொடைக்காத. அப்படியே இருக்கட்டும்."

"ஏங்க்கா?"

"நான் வெச்சது."

அந்தப் பக்கம் எதையோ மெதுவாக மேஜைமேல் வைக்கிற சத்தம் மட்டும் கேட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பெண் நம்பர் கேட்கவில்லை. பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

"வீட்ல உங்ககூட வேற யாராவது இருக்காங்களாக்கா?"