கரிக்கை அடித்த வாள்

"கரடியாரே, உம்ம வாள் இந்நேரம் துருவாகிக் கொட்டியிருக்கணுமே. என்னய்யா தில்லுமுல்லு பண்ணினீர்?"

கணினித் திரையில் வந்து விழுந்த அந்த வரியை ரோலாண்ட் இரண்டு முறை படித்தார். இத்தனை நாள் மூடி மறைத்தது, போயும் போயும் நரிவாலின் கண்ணிலா பட வேண்டும்?

நரிவால், கணினியில் பலர் சேர்ந்து ஆடும் அந்த விளையாட்டைக் கட்டி மேய்க்கும் மந்திரவாதிகளில் ஒருவன். படம் கிடம் எதுவும் கிடையாது. காடு, பூதம், கொல்லன் உலை எல்லாமே வெறும் எழுத்து. சுண்ட்ஸ்வால் நகரில் ஒண்டிக்கட்டையாகக் காலம் தள்ளும் ரோலாண்ட் அதற்குள் 'கரடி' என்ற பெயரில் உலவிக்கொண்டிருந்தார்.

"நல்ல பிர்ச் மரக்கரியில காய்ச்சின இரும்பு. அதான் தாங்குது" என்று தட்டிவிட்டார்.

"எந்தக் கரியில காய்ச்சினா என்ன, கடல்நாய்க் கொழுப்புல முக்கினாத்தான் என்ன? நானே எழுதின விதி ஐயா அது! செஞ்சவன் ஆறு மாசம் தலைகாட்டலேன்னா அவன் பேரு அழியும். பேரு அழிஞ்சா அவன் செஞ்சதெல்லாம் தூள். உம்ம வாள்ல 'கரிக்கை'ன்னு பேரு இருக்கு. அந்தப் பையன் இரும்பு அடிச்சு மூணு வருஷம் ஆச்சே!"

விதி ரோலாண்டுக்கும் தெரியும். ஆறு மாதம் முடிந்த அன்று நாள் முழுக்கத் திரையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாள் உதிரவில்லை. விதியில் ஏதோ ஓட்டை போலிருக்கிறது என்று நினைத்தார். சொன்னால் அடைத்துத் தொலைப்பார்களே என்று வாயே திறக்கவில்லை.

இனி மறைத்துப் பயனில்லை.

"ஓட்டையை அடைச்சிடாதே, நரிவால். கரிக்கை என் மகன். செத்துப் போயிட்டான்."

 அடுத்து வந்த வரியில் கேலி போயிருந்தது.

"மன்னிச்சிருங்க, தெரியாமக் கேட்டுட்டேன்... ஆனா இதுல ஓட்டை ஒண்ணும் இல்லீங்க. இப்பத்தான் பார்த்தேன். கரிக்கை போன வியாழக்கிழமை உள்ளே வந்திருக்கான். வாராவாரம் வியாழன் வர்றான்."



வியாழன் அவருக்கும் மகனுக்கும் உரிய நாள். மனைவி மோனாவும் அவரும் பிரிந்த பிறகு மகன் எமில் உப்சாலா நகரில் அம்மாவோடுதான் வளர்ந்தான். அப்பாவும் மகனும் சந்தித்துக்கொண்டது வியாழக்கிழமைகளில், இந்த எழுத்துக் காட்டுக்குள். "அப்பனும் பிள்ளையும் எழுத்தோட குடித்தனம் நடத்துறாங்க" என்று மோனா கரித்துக் கொட்டுவாள்.

நோய் முற்றிய கடைசி மாதத்தில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே எமில் அடித்துக் கொடுத்த வாள் அது. அதற்குப் பிறகு விளையாட்டில் உலைக்கூடத்துப் பக்கமே ரோலாண்ட் போனதில்லை. அடக்கம் முடிந்து திரும்பும்போது, "இனிமே யாரோட விளையாடுவே?" என்று மோனா கேட்டாள். அதுதான் அவள் அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு. அந்தக் கேள்வியை ரோலாண்ட் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"வந்து என்ன செய்யுறான்?" என்று தட்டினார். 

"ஒரு எழவும் செய்யத் தெரியல. உலைக்கூடத்து வாசல்ல நின்னுக்கிட்டு, 'தயவுசெய்து கதவைத் திறக்கவும், நன்றி'ன்னு அடிக்கிறான். 'புரியவில்லை'ன்னு பதில் போகுது. கொஞ்ச நேரம் சும்மா நிக்கிறான், போயிடுறான். வாராவாரம் இதே கூத்துதான். இப்படி ஒரு மக்குத் திருடனை நான் பார்த்ததே இல்லை."

ரோலாண்டுக்குச் சிரிப்பு வரவில்லை, ரத்தம் கொதித்தது.

"நக்கல் பண்றான்! செத்தவன் பேருக்குள்ள புகுந்துக்கிட்டு நக்கல் பண்றான்!"

"பாஸ்வேர்டை மாத்திடட்டுமா?"

"ஒரு தடவை திருடினவன் மறுபடியும் திருடுவான். பேரையே அழிச்சிடு."

"அழிச்சா உங்க வாளும் போயிடும். என்னாலகூடத் திரும்பக் கொண்டுவர முடியாது. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

ரோலாண்ட் 'வாளைப் பார்' என்று அடித்தார். எத்தனையோ முறை படித்த வரிதான் வந்தது: 'சற்றே கோணலான வாள். பிடியில் பொறித்திருப்பது: அப்பாவுக்கு, கரிக்கை.' எமில் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

"கண்டவன் என் பிள்ளையைப் போர்த்திக்கிட்டுத் திரியறதுக்கு வாள் போறதே மேல். இன்னிக்கும் வியாழன்தான். அவன் வர்றதுக்குள்ள முடிச்சிடு."

நரிவால் பேரை அழித்தான். ஒரு வரி வந்தது.

'உங்கள் கையிலிருந்த வாள் துருவாகி உதிர்கிறது.'

ரோலாண்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். மகனுக்குச் செய்ய வேண்டியதைச் செய்தாயிற்று என்று மனதைத் தேற்றிக்கொண்டு, வியாழக்கிழமைதோறும் வழக்கமாக வைக்கும் பட்டாணி சூப்பை அடுப்பில் ஏற்றினார். அது கொதிப்பதற்குள் ஃபோன் அடித்தது.

மோனா. இத்தனை வருடம் கழித்து. 

"ரோலாண்ட், உனக்குத்தான் அந்த விளையாட்டு தெரியுமே... இப்ப உள்ளே போகப் பார்த்தேன். கரிக்கைன்னு யாருமே இல்லேங்குது. பாஸ்வேர்டைச் சொல்லி, வியாழக்கிழமை தவறாமப் போயிட்டு வாம்மான்னு எமில் கடைசியா என்கிட்ட கேட்டுக்கிட்டான். எனக்கு அதுல கதவைக்கூடத் திறக்கத் தெரியாது. சும்மா போய் நின்னுட்டு வருவேன். இன்னிக்கு எதையாவது தப்பா அமுக்கிட்டேனோன்னு பயமா இருக்கு."

 அடுப்பில் சூப் பொங்கி வழிந்தது.

"ரோலாண்ட்? உன் வாள் பத்திரமா இருக்குல்ல?"